அடுத்த அடி

கணவன் கதிரேசனின் காதுக்குப் பின்னால் கோல்ஃப் பயிற்சியாளர் பிரிட்டோ ஒரு மின்னணுச் சில்லைப் பொருத்திய அன்று, மனோரஞ்சிதம்தான் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். கோல்ஃப் மனசால் ஆடுகிற ஆட்டமாம். பந்து குளத்தில் விழுந்தால் சில்லு 'டிக்' என்று ஒலித்து, விழுந்த நினைப்பையே துடைத்துவிடும். ஆடுகிறவர் சிரித்த முகத்தோடு அடுத்த அடிக்குத் தயாராகிவிடுவார்.

ஆட்டம் தேறியது. குடும்பம்தான் குளத்தில் விழுந்தது. அவள் அழுதால் டிக். கோபித்துக்கொண்டு பட்டினி கிடந்தால் டிக்.

இன்று காலை பெட்டியோடு அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். இனி வரமாட்டேன்."

கதிரேசனின் முகம் வெளிறியது. "ரஞ்சி, போகாதே" என்று அவள் கையைப் பிடித்தான். கண் கலங்கியிருந்தது. இந்த முகத்துக்காகத்தான் அவள் ஒரு வருஷமாகக் காத்திருந்தாள்.

டிக்.

"பெட்டியோட நிக்கிறே, ஊருக்கா? அத்தையைக் கேட்டதாச் சொல்லு" என்றான் மலர்ச்சியாக.

அவள் உடனே பிரிட்டோவை வீடியோவில் அழைத்தாள்.

"சார், அந்தச் சனியனைக் கழற்றிடுங்க."

"எதுக்கு மேடம்? நானும் என் காதுல ஒண்ணு போட்டிருக்கேன். எங்க வீட்டுல சண்டைங்கிற பேச்சே கிடையாது."

"அப்படியா? உங்க சம்சாரத்தைக் கூப்பிடுங்க, கேட்டுக்கறேன்."

"ஸ்டெல்லா" என்று கூப்பிட்டபடி பிரிட்டோ திரும்பினார். அவருக்குப் பின்னால் அலமாரி திறந்து கிடந்தது. அதில் ஒரு சேலைகூட இல்லை. அவர் உதடு துடித்தது.

டிக்.

"சொல்லுங்க மேடம், என்ன விஷயம்?"