நாலு விரல்

கிரானைட் கல் பக்கத்துச் சுவரைத் தொடவில்லை.

முத்தமிழ்செல்வன் இடைவெளியில் நாலு விரலை நுழைத்துப் பார்த்தான். இடம் மிச்சமிருந்தது. இன்னொரு கையின் நாலு விரலையும் பக்கத்தில் சேர்த்து வைத்தான். இப்போது சரியாக அடைத்துக்கொண்டது.

எட்டு விரல்.

வரதராஜன்பேட்டைக்காரன். சமையல் மேடைக்குக் கல் பதிப்பதில் பெயர் வாங்கியவன். ஒரே கல்லாக வெட்டி, மூன்று பேரை வைத்துத் தூக்கிவந்து, கொல்லைப்பக்கச் சுவரை ஒட்டி இறக்கியிருந்தான்.

"அண்ணே, நீங்க சொன்ன அளவுக்குத்தான் வெட்டுனேன். இந்தப் பக்கத்துச் சுவருதான் கோணலா நிக்கிது."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வெட்டியதில் தப்பை வைத்துக்கொண்டு சுவர்மேல் பழி போடுகிறான் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் சுவர் கோணல் என்று இவன் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருபத்துநாலு வருஷமாக எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் அது.

கட்டியது அப்பாவும் சித்தப்பா அங்கமுத்துவும். பாகம் பிரித்தபோது வீட்டுக்கு நடுவில் சுவர் வந்தது. சமையலறையையும் அது இரண்டாகப் பிளந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டால் உடையார்பாளையம் முழுக்கத் தெரிந்துவிடுமாம். அதனால் அண்ணனும் தம்பியுமே செங்கல்லைக் கையில் எடுத்தார்கள். வாசற்பக்கம் அப்பா கயிறு பிடித்தார், கொல்லைப்பக்கம் சித்தப்பா பிடித்தார்.

ஒரே நாளில் கட்டி முடித்தார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அதற்கு முந்தின நாள்வரை அது ஒரே அடுப்படி. அம்மாவும் சித்தியும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் நிற்பார்கள். எந்தக் குழம்பு யார் வைத்தது என்று கேட்க எங்களுக்குத் தோன்றியதே இல்லை. வயலிலிருந்து வந்த சித்தப்பா நேராக அம்மாவிடம்தான் தட்டை நீட்டுவார். சித்தி முறைப்பாள். அம்மா சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பை அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. இப்போதும் அந்தப் பக்கம் கருவாடு வறுக்கிற வாசனை வந்தால் எனக்கு ஏக்கமாக இருக்கும். வெளியில் சொன்னதில்லை.

சுவர் எழும்பிய மறுவாரம் அப்பா அதை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார், கொல்லைப்பக்கம் நாலு விரல் நம் பக்கம் தள்ளி வைத்துவிட்டான் என்று. யாரும் டேப்பை எடுக்கவில்லை. அங்கே கயிறு பிடித்தது யார்? வேறென்ன சாட்சி வேண்டும்?

அப்பா செத்தார். அந்த நாலு விரல் சாகவில்லை. அம்மா அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தாள். போன பங்குனியில் அம்மா போனபோது, மாலையோடு வந்த சித்தப்பாவை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியவன் நான். அம்மாவுக்குச் செய்த கடைசிக் கடமை என்றே நினைத்தேன்.

அளவெடுக்க வரட்டுமா என்று முத்தமிழ்செல்வன் போனில் கேட்டபோதும் அந்தத் திமிரில்தான் வேண்டாம் என்றேன். வாசற்பக்கம் அகலம் எட்டடி, கொல்லைப்பக்கம் நாலு விரல் குறைத்துக்கொள், எனக்கு மனப்பாடம் என்றேன்.

இப்போது அவன் டேப்பை இழுத்தான். வாசற்பக்கம் எட்டடி. கொல்லைப்பக்கம் எட்டடி மூன்று அங்குலம். நம்பாமல் இன்னொரு தரம் வைத்தான். பென்சிலால் சுவரிலேயே எழுதினான்.

என் மனைவி அனுசுயா அந்த எண்ணைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அப்படியென்றால் சுவர் அவர்கள் பக்கம்தானே போயிருக்கிறது என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் குறைத்தது நாலு விரல். அந்தப் பக்கம் விட்டுக்கொடுத்த மூன்று அங்குலமும் நாலு விரல்தான். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

கயிறு பிடித்த கை தவறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அப்படி இருந்துவிட்டால் எனக்கு நல்லது என்றும் தோன்றியது.

துண்டுக் கல் வைத்து ஒட்டிவிடலாம், பார்த்தால் தெரியாது என்று முத்தமிழ்செல்வன் சொல்லிக்கொண்டிருந்தான். நான் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வாசல் பத்தடி தூரம்தான். ஏதோ ஊரெல்லைக்குப் போவதுபோல் நடந்தேன்.

சித்தப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். ரொம்ப ஒடுங்கிப் போயிருந்தார்.

மேடைக்கு வெட்டிய கல் பத்தவில்லை என்றேன். சுவர் உங்கள் பக்கம் நாலு விரல் தள்ளியிருக்கிறது என்றேன்.

அவர் கடலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணிக்கு எடது முட்டி மடங்காதுல்லடா. ஆட்டுக்கல்லுக்கும் சுவத்துக்கும் நடுவுல கால நீட்ட எடம் வேணாமா?"

அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால், தம்பி போட்ட பிச்சை வேண்டாமென்று அப்பா சுவரை இடித்து நேராக்கியிருப்பார். அது சித்தப்பாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்த மூலையில்தான் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து மாவாட்டுவாள். ஆட்டி முடிக்கிற வரைக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி, அவரைத் திட்டிக்கொண்டே இருப்பாள்.