ஜனங்களின் பங்கு

"இனி பூசை லத்தீனில் இல்லை, சூசை. ஞாயிறு முதல் மலையாளம். பதிலை ஜனங்களே சொல்லுவாங்க" என்றார் பாதர் இக்னாசியஸ்.

பூசையில் பாதர் சொல்வதற்கெல்லாம் முப்பது வருடமாக அத்தனை பேருக்காகவும் ஒற்றை ஆளாகப் பதில் சொல்லி வந்தவர், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சூசை.

"அப்போ என் வேலை போச்சா, அச்சோ?" அந்த ஊரில் பாதரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பார்க்கலாம்."

சூசைக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிறன்று மட்டாஞ்சேரிக் கோயில் நிரம்பியது. பாதர் ஜனங்களைப் பார்த்து, "கர்த்தர் உங்களோடு இருப்பாராக" என்று மலையாளத்தில் வாழ்த்தினார்.

நானூறு தலைகளும் சூசை பக்கம் திரும்பின.

"சொல்லுங்க! மூணு நாளா படிப்பிச்சேனே!" என்றார் பாதர்.

மிளகு வியாபாரி லோனப்பன் எழுந்தார். "அச்சோ, உங்க பங்கை நீங்க சொல்லியாச்சு. எங்க பங்கைச் சொல்லத்தானே சூசைச் சேட்டன்? நாங்க குளிச்சு வந்தது போதாதா?"

பாதர் தோற்றுப்போய்ச் சூசையைப் பார்த்தார்.

சூசை கணீரென்று பதில் சொன்னார், லத்தீனில்.