கெஞ்சினால் விடமாட்டான்

“என்னங்க, நேத்து நீங்க கூட்டிட்டு வந்தவன் என் தம்பி கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கறான்.”

செல்போனில் மனைவியின் குரல் நடுங்கியது. காவல் நிலையத்தில் இருந்த கணவன் சட்டென்று எழுந்தான்.

“உன் தம்பி என்ன பண்ணான்?”

“சொல்லாம கொள்ளாம பின்கதவு வழியா வந்தான். திருடன்னு நெனச்சுப் பிடிச்சுட்டான் போல. உங்ககூட வேலை பார்த்து ரிட்டையர் ஆனவனாச்சேன்னு பாவப்பட்டு வீட்டுல சேர்த்தேன். விடுப்பா, சாமின்னு கெஞ்சிட்டேன்.”

“அவனுக்குத் தமிழ் தெரியாதும்மா. டிரெய்னிங் முழுக்க இங்கிலீஷ்தான். ‘லீவ்’னு சொல்லு.”

“லீவா? அது விடுமுறை இல்ல?”

“விடுமுறைக்கும் அதுதான், கிளம்புறதுக்கும் அதுதான். பிடிச்சதை விடச் சொல்றதுக்கும் அதுதான்.”

“அக்கா, பாடத்தை அப்புறம் படி. என் கை போயிடும் போல இருக்கு” என்று முனகினான் தம்பி.

அவள் பிடித்திருந்தவன் பக்கம் திரும்பினாள். “லீவ்... ப்ளீஸ்.”

பிடி தளரவில்லை.

“ப்ளீஸ் எல்லாம் வேண்டாம். கூட ஒரு வார்த்தை சேர்ந்தா அவனுக்குக் குழம்பிடும். கெஞ்சாதே, உத்தரவு போடு.”

“லீவ்.”

பிடி விட்டது. தம்பி சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். நல்லவேளையாக, சட்டைக்கை மட்டும்தான் கிழிந்திருந்தது.

“விட்டுட்டான். ஆனா என் மூஞ்சியையே முறைச்சுப் பார்க்கறான். பயமா இருக்குங்க.”

“முறைக்கல. செஞ்சது சரியான்னு கேக்கறான். ‘குட்’னு சொல்லு.”

“குட்” என்றாள் மெல்ல.

ஓய்வு பெற்ற அந்தப் போலீஸ் நாய் வாலை ஆட்டியது.