சாப்பாட்டுக் கறைச் சட்டம்

மாநிலச் சட்டசபையின் குப்பைக் குழுவில், மேசைத் தலைமாட்டில் தலைவர் டெல்பர்ட், ஜன்னலோரம் சட்ட அதிகாரி கோரா, எதிரே டெல்பர்ட்டின் ஊர்க்காரி வில்லா. நடுவில் டோனட்டும் மேப்பிள் பாகும்.

சாப்பாட்டுக் கறை பட்ட காகிதமெல்லாம் உரக்குழிக்குப் போக வேண்டும் என்பது சட்டம். வில்லாவின் வீட்டுப் பத்திரத்தில் பாகு சிந்திவிட்டது. வெள்ளிக்கிழமை குப்பை வண்டி வந்து அதை அள்ளிவிடும். பத்திரங்களுக்கும் சட்ட ஆவணங்களுக்கும் விலக்களிக்கும் திருத்தம் இப்போதுதான் சபையில் நிறைவேறியிருந்தது. ஆளுநர் கையெழுத்து மட்டும் பாக்கி.

“இனிமே நிம்மதியா தூங்கு, வில்லா!” என்று டெல்பர்ட் டோனட்டைத் தூக்கினார். பாகு திருத்தத்தின் ஒரே பிரதியின் மேலேயே சொட்டியது.

“போச்சு. இதுவும் உரக்குழிக்குத்தான்,” என்றாள் கோரா.

“ஏம்மா, இப்பதானே விலக்குக் கொடுத்தோம்?”

“ஆளுநர் கையெழுத்துப் போட்டாத்தான் விலக்கு, சார். மறுபடி ஓட்டெடுக்க ஜனவரி ஆகும்.”

“யோவ் டெல்பர்ட், அஞ்சு நிமிஷம் வாயைக் கட்ட முடியலையா? என் வீடு போகுதுய்யா!” என்று வில்லா கத்தினாள்.

கோரா சட்டத்தைப் புரட்டினாள். “உரக்குழியில போடணும்னுதான் இருக்கு. அங்க வெச்சுக் கையெழுத்துப் போடக்கூடாதுன்னு எங்கயும் இல்லை.”

டெல்பர்ட் அவசரமாக எழுதினார்: ‘மாண்புமிகு ஆளுநருக்கு, திருத்தம் உரக்குழியில் தயாராக உள்ளது. மண்புழுக்கள் முந்துவதற்குள் வந்து கையெழுத்திட வேண்டுகிறோம். முழங்கால் பூட்ஸ் அவசியம்.’

வில்லா கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, கடிதத்தை உறையிலிட்டு ஒட்டி, ஆளுநர் மாளிகைக்குக் கொடுத்தனுப்பினாள்.