வாலை விடாத கை

சில்வேரியோவின் வலது கை தோள்வரைக்கும் பொந்துக்குள் போயிருந்தது. கன்னம் மண்ணில் அழுந்திக் கிடந்தது.

"மாட்டிக்கிச்சு தெல்ஃபி. வால் கையில இருக்கு. இனி எங்க போயிருவாரு தொரை?"

உள்ளே, உடம்பெல்லாம் ஓடு போர்த்திய ஆர்மடில்லோ முதுகை வளைத்து, ஓடு பொந்தின் கூரையில் அழுந்த முட்டுக்கொடுத்து, நகங்களை மண்ணில் ஊன்றிவிட்டது. அதற்குச் சண்டை போடத் தெரியாது. பிடிவாதம் பிடிக்கத்தான் தெரியும். வால் அறுந்தாலும் அறுமே தவிர அது வெளியே வராது.

பிடித்தவனும் லேசில் விடமாட்டான். தென்னமெரிக்காவின் சாக்கோ காட்டில் கைக்கு வந்த வாலை விட்டவனை ஊர் சாகும்வரை கிண்டலடிக்கும்.

நாய் சுற்றிச் சுற்றிக் குரைத்தது. துரத்தும்போது ஆர்மடில்லோவின் நகம் கிழித்த அதன் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது.

இது இரண்டு பேர் வேலை. ஒருவர் வாலைப் பிடிக்க, இன்னொருவர் பின்னாலிருந்து தோண்ட வேண்டும். இரும்பில் நாலு பல் வைத்த மண்கொத்தியோடு தெல்ஃபினா அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

போன வருஷம் இதே வேலையில்தான் அவள் புருஷன் நிகனோர் செத்தான்.

கூடப் போயிருந்தது சில்வேரியோதான். அவன் தண்ணீர் எடுக்க நகர்ந்த நேரத்தில் புலி பின்னாலிருந்து பாய்ந்து நிகனோரின் பிடரியைக் கிழித்துவிட்டதாம். ஜாகுவாரை அந்தக் காட்டில் புலி என்றுதான் சொல்வார்கள். கை பொந்துக்குள் இருந்ததால் நிகனோரால் திரும்பக்கூட முடியவில்லையாம்.

ஊர் அப்படியே நம்பியது. உயிரே போனாலும் வாலை விடாதவன் என்று பெயர் வாங்கியவன் நிகனோர்.

அதற்கப்புறம் அவள் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்தது சில்வேரியோ. வேலி கட்டியது சில்வேரியோ. தங்கமான மனுஷன், வேறென்ன வேண்டும் உனக்கு என்று ஆளாளுக்கு அவளைக் கேட்டார்கள். வருகிற சனிக்கிழமை பாதிரியார் வருகிறார். அன்றைக்கே கல்யாணம்.

அவள் சரி என்றாள். விருந்துக்கு ஆர்மடில்லோ வேண்டும், நாம் இரண்டு பேருமே போய்ப் பிடிப்போம் என்று மட்டும் கேட்டாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"அன்னிக்கு அவரும் இப்படித்தான் கிடந்தாரா?"

"அச்சு அசலா இப்படித்தான். தோள்வரைக்கும் கை உள்ள. வாலை விட்டிருந்தா பொழச்சிருப்பான், பாவி." அவன் மூச்சிரைக்கச் சிரித்தான். "சீக்கிரம் தோண்டு, கை மரத்துப்போவுது."

"விட்டுடாதீங்க," என்றாள் தெல்ஃபினா.

கொத்தியை இரண்டு கையாலும் தூக்கி அவன் பிடரியில் இறக்கினாள்.

அவன் கத்திய கத்தல் பாதி மண்ணுக்குள் போனது. உள்ளே மாட்டிய கை அவனைத் திரும்பவிடவில்லை. வெளியே இருந்த இடது கை மட்டும் தடவித் தடவி அவள் கணுக்காலைப் பிடித்தது. நல்ல பிடி. எலும்பு நொறுங்கிவிடும்போல வலித்தது. அவள் மறுபடி இறக்கினாள். அதற்குப் பிறகும் இறக்கினாள். கணுக்காலில் பிடி தளரும்வரை நிறுத்தவில்லை.

நாய் குரைப்பதை நிறுத்திவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தது.

அவளுக்குப் பயமாக இருந்தது. இரக்கம் மட்டும் வரவில்லை.

பொந்துக்குள் மண் பறிக்கும் சத்தம் மறுபடி கேட்டது. ஆர்மடில்லோ இன்னும் ஆழமாகப் போய்க்கொண்டிருந்தது.

கொத்தியின் பற்களை மண்ணில் தேய்த்துத் துடைத்தாள். குடுவைத் தண்ணீரில் அலசினாள். பிறகு அவன் வலது கையைப் பொந்திலிருந்து இழுத்து வெளியே போட்டாள்.

போன வருஷம் நிகனோரின் பிணத்தைக் குளிப்பாட்டியவளும் அவள்தான். பிடரியை அவளால் பார்க்க முடியவில்லை. அதனால் கைகளை முதலில் கழுவ எடுத்தாள். வலது கை, அப்புறம் இடது கை. திரும்ப வலது கை. தேய்க்க ஒன்றுமே இல்லை. பொந்துக்குள் தோள்வரைக்கும் கையை நுழைத்துச் செத்தவனின் ஒரு நகத்தில்கூட ஒரு பொட்டு மண் இல்லை.

அன்றைக்கு அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இன்றைக்கு சில்வேரியோவை அவன் அம்மா குளிப்பாட்டுவாள்.

தெல்ஃபினா குனிந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். எல்லா நகத்திலும் சாம்பல் நிற மண் அப்பிக் கிடந்தது.

அதற்குப் பிறகுதான், புலி புலி என்று அலறிக்கொண்டு ஊரைப் பார்த்து ஓடினாள்.