வரைபடத்துக்கு அடங்காத உயிர்

"இந்த ஒரு நோயாளியைக் கணக்குலேருந்து தூக்கிடும்மா. வரைபடமே கோணுது," என்றார் பேராசிரியர்.

பெருங்குடல் புற்றுநோயில், கட்டியை அடக்கும் மரபணு செயலிழந்தவர்கள் இரண்டாண்டைத் தாண்டமாட்டார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. நாளை மாநாட்டில் அதை அறிவித்துப் பேரெடுக்க வேண்டும்.

"ஆறு வருஷமா நல்லா இருக்காரே, சார்?" என்றாள் ஆய்வு மாணவி.

"திமிர் பிடிச்ச ஆளு! அவன் சாகலைன்னா என் முடிவை மாத்திக்கணுமா? யாரந்த மகராசன்?"

மாணவி நோயாளிகள் பதிவேட்டைப் புரட்டி அவர் பக்கம் திருப்பினாள்.

"நீங்கதான், சார். உங்க ஆபரேஷன்ல எடுத்த கட்டியை நீங்களே ஆய்வுக்குக் கொடுத்தீங்க."

பேராசிரியர் தம் நாடியைத் தொட்டுப் பார்த்தார். அது சீராகத் துடித்தது அவருக்கு எரிச்சலூட்டியது.

"எனக்குப் புற்றுநோய் வந்ததைப் பத்தி மாநாட்டுல மூச்சு விடாத," என்றார்.