ஒரு பெரிய கப்பலா, நாலு சின்னக் கப்பலா?

"தம்பி, ஒரே ஒரு கேள்வி. ஒரு பெரிய போர்க்கப்பல் கட்டுற காசுக்கு நாலு சின்னக் கப்பல் கட்டலாம்ங்குறாங்க. எது தேவல?"

பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு கேள்வியைப் பாண்டியராஜின் அம்மா முத்துப்பேச்சி எதிர்பார்க்கவில்லை. காபி டம்ளர் கையிலேயே நின்றது.

கேட்டவர் பெண்ணின் அப்பா மலைச்சாமி. அவருக்குச் சேவுகம்பட்டியில் மூன்று ஏக்கர் தென்னை. கடலைப் பார்த்தது ராமேஸ்வரத்தில் முழுக்குப் போட்டபோது மட்டும். ஆனால் மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணீர் பாய்கிற வரைக்கும் செல்போனில் அவர் பார்ப்பதெல்லாம் போர்க்கப்பல் வீடியோதான்.

வந்திருக்கும் மாப்பிள்ளை பாண்டியராஜுக்கோ விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை. டிசைன் பிரிவு என்று தரகர் சொல்லியிருந்தார். தரகர் சொல்லை நம்பும் ஆள் இல்லை மலைச்சாமி. பாங்கு ஆபீசர் என்று சொல்லிக் கட்டிக்கொண்டு போனவன், வட்டிக் கடையில் வசூலுக்கு அலைந்த கதையெல்லாம் அவருக்குத் தெரியும்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி, சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட மாட்டார்கள். காபியோடு சரி. மகள் கீர்த்தனாவைப் பார்க்க இதற்கு முன் வந்த இரண்டு வீட்டாரையும் கை நனைக்க விடாமலேயே அனுப்பிவிட்டார் அவர். இன்றும் அடுப்படியில் அவர் மனைவி ஒச்சம்மாள் சோறும் வெஞ்சனமும் ஆக்கி வைத்துவிட்டு, இலை போடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள்.

பாண்டியராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பெருசுதாங்கய்யா தேவல."

"ஏன்?"

"சின்னக் கப்பல் அலையில ரொம்ப ஆடும். ஹெலிகாப்டர் இறங்க முடியாது. தண்ணிக்கடியில வர்ற நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கிற கருவிக்கும் இடம் பத்தாது."

"பெருசுல ஒரு குண்டு விழுந்துச்சுன்னா? அம்புட்டுக் காசும் கடலுக்குள்ள!"

"நாலு கப்பல்னா நாலு கேப்டன், ஆளும் கூட வேணும்ங்கய்யா. ஆளுக்கு எங்க போறது?"

"நாட்டுல வேலையில்லாத பய எம்புட்டுப் பேரு திரியிறான்! ஆளு இல்லையாம்ல?"

முத்துப்பேச்சி மகனின் தொடையில் நைசாக இடித்தாள். அவன் கண்டுகொள்ளவில்லை.

"சரி, அத விடு. வெளிநாட்டுக்காரன் கட்டிவச்ச கப்பலை வாங்குனா சல்லிசாமே? நம்ம ஊருல கட்டுறேன் கட்டுறேன்னு வருசக்கணக்கா இழுக்குறாய்ங்க."

"வாங்கும்போது சல்லிசுதாங்க. அப்புறம் ஒரு நட்டு கழண்டாலும் அவன் வாசல்ல போயி நிக்கணும். முதக் கப்பலுக்கு நாளாகும். கட்டக் கட்டக் கை பழகிரும்."

"கை பழகுறதுக்குள்ள சண்டை வந்துட்டா? எதிரிக்காரன் பொறுத்துக்குவானா?"

மலைச்சாமியின் குரல் ஏறியது. வாசலில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"அண்ணே, புள்ளைக ஜாதகம் பேசுவோமே" என்றாள் முத்துப்பேச்சி.

"செத்த பொறு தாயி. எனக்கு இதுதான் ஜாதகம்."

அடுப்படியில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. பின்னாலேயே கீர்த்தனா தட்டை எடுக்க வந்தாள். யாரையும் பார்க்காமல், குனிந்த தலை நிமிராமல் திரும்பிப் போனாள். "நீங்க பாத்து யாரைச் சொன்னாலும் சரிப்பா" என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளையின் போட்டோவைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மலைச்சாமிக்குப் பெருமை.

பாண்டியராஜ் தொண்டையைச் செருமினான். குரல் இறங்கியிருந்தது.

"ஆனா யோசிச்சுப் பாத்தா, நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்குங்கய்யா. கடனை வாங்கி ஒரு பெரிய டிராக்டர் வாங்குறோம். உழவு நேரத்துல அது படுத்துக்கிச்சுன்னா வெள்ளாமையே போச்சு. அதே காசுக்கு நாலு பவர் டில்லர் வாங்கிட்டா, ஒண்ணு நின்னாலும் மூணு ஓடும். கப்பலும் அப்படித்தான்."

மலைச்சாமி அவனை உற்றுப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிச் சத்தம் கொடுத்தார்.

"ஒச்சம்மா, இலையைப் போடு. மாப்ள கை நனைக்கட்டும்."

முத்துப்பேச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்மகன் பொழைச்சான்" என்று முணுமுணுத்தபடி இலை முன் உட்கார்ந்தாள். பாண்டியராஜ் சாம்பாருக்கே மூன்று முறை சோறு வாங்கினான். நல்ல நாள் குறித்துச் சொல்லியனுப்புவதாகப் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு, வண்டியேறிப் போனார்கள்.

வண்டி முக்குத் திரும்பியதும், சிரித்த முகத்தோடு ஓடி வந்தாள் கீர்த்தனா.

"அப்பா, அவரு கப்பல் பத்திப் பேசுனது புடிச்சிருந்துச்சா?"

"முதல்ல என்னைய எதுத்துப் பேசுனான் பாரு, அது அவன் படிச்ச படிப்பு. அதுல பொய் இல்ல, அதான் இலை போடச் சொன்னேன்" என்ற மலைச்சாமி, வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு மகளைப் பார்த்தார். "ஆனா அந்த நாலு பவர் டில்லர் கதையை நான் இந்த வீட்டுச் சோத்துத் தட்டு முன்னால தவிர வேற எங்கயும் சொன்னதில்லயே... சொல்லுத்தா, எம்புட்டு நாளா அவன்கூடப் பேசிக்கிட்டிருக்க?"